முதலாளிக்கே அனுமதி இல்லை

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஆபீஸ் சர்வர்ல இருக்கிற ஃபோல்டரை எல்லாம் யார் பாக்கலாம், யார் பாக்கக்கூடாதுன்னு பிரிச்சு வைக்கணும்.

எங்களுது இராஜபாளையத்துல பேண்டேஜ் துணி போடுற சின்ன யூனிட். கம்ப்யூட்டர் எட்டு. ஒரு தடவை பிரிண்டர்ல மாட்டுன பேப்பரை நான் கிழியாம உருவி எடுத்தேன். அன்னைலேருந்து நான்தான் சிஸ்டம் அட்மின்.

அதுக்கு முன்னாடி சர்வரைப் பாத்துக்கிட்டது டைப்பிங் செல்வி அக்கா. "இனிமே இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்க்கா"ன்னு பெரிய மனுசன் மாதிரி சொல்லி வாங்கிக்கிட்டேன்.

டெண்டருக்குப் போடுற ரேட்டு எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரி திறந்து கெடக்கு, இனி தான் ஒருத்தர் மட்டும்தான் பாக்கணும்னாரு முதலாளி. அன்னிக்கு நாலு மணிக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி டெண்டரை ஆன்லைன்ல ஏத்தணும். அது கைவிட்டுப் போனா அடுத்த மாசம் பாதித் தறி நிக்கும்னும் சொன்னாரு.

முதல்ல 'ஸ்டாஃப்'னு ஒரு குரூப் உண்டாக்கினேன். அதுல பேரு போடணும். இங்கதான் என் வளர்ப்பு குறுக்க வந்துச்சு.

நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் கோயில் கொடை நோட்டீஸா இருந்தாலும் முதப் பேரு பெரியவர் பேருதான். முதலாளியை விட்டுட்டு நேரா பேக்கிங் ஆளுக பேரை அடிக்க எனக்குக் கை வரல. அதனால அவர் பேரை உச்சியில போட்டேன். ரெண்டாவதா, கொஞ்சம் கூச்சத்தோட, என் பேரு.

பொறவு ரேட்டு ஃபோல்டருக்கு வந்தேன். முதலாளிக்கு 'எல்லாம் உண்டு'. ஸ்டாஃப் குரூப்புக்கு 'எதுவும் கிடையாது'. அந்தப் பக்கத்துல எத்தனை கட்டம் இருந்துச்சோ அத்தனையிலயும் டிக் போட்டுட்டு, டீ குடிக்கப் போயிட்டேன்.

பாதி டீயில முதலாளி கூப்பிட்டாரு.

ஸ்கிரீன்ல 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு நிக்குது. அவரு என்னையும் அதையும் மாறி மாறிப் பாத்தாரு.

"ஏலே கணேசா, என் கம்பெனியில எனக்கே அனுமதி இல்லைன்னு சொல்லுதே, இது யாரு போட்ட சட்டம்?"

செத்த நேரத்துல சரியாயிரும்னேன். கம்ப்யூட்டரை அமத்தித் திரும்பப் போட்டேன். சரியாகல. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தெரியும், ஆனா முதலாளி பாத்துக்கிட்டு இருக்கும்போது ஏதாவது செய்யணும்ல.

சரி, போட்ட டிக்கை எடுத்துருவோம்னு போனா எனக்கும் அனுமதி இல்லையாம். என்னைய நானே வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கேன்.

மணி ஒண்ணு. செல்வி அக்கா லீவு. தங்கச்சி மக கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல ஒரு மண்டபத்துல. போன் போட்டேன், எடுக்கல. வண்டியை எடுத்தேன்.

மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் யாரோ கையைப் பிடிச்சுப் பந்தியில உக்கார வச்சுட்டாங்க. நான் சாப்பிட வரல, சர்வர் விஷயமா வந்தேன்னு சொன்னேன். பரிமாறத்தான் வந்திருக்கேன்னு நெனச்சு, அதெல்லாம் எங்க ஆளுக இருக்காங்க, நீங்க சாப்பிடுங்கன்னுட்டாங்க. இலையில சோறு விழுந்துருச்சு. எந்திரிச்சா மரியாதை இல்ல.

ரெண்டாவது தடவை சாம்பார் வந்தப்போ வாளியைத் தூக்கிட்டு வந்ததே செல்வி அக்காதான். பட்டுச்சேலையோட நின்னுக்கிட்டே முழுக்கதையும் கேட்டாங்க.

"அந்த ஸ்டாஃப் குரூப்ல யாரு யாரு இருக்கா?"

சொன்னேன்.

"ஏலே, முதலாளி சம்பளம் வாங்குறாரா, குடுக்குறாரா?"

பக்கத்து இலைக்காரரு சிரிச்சுட்டாரு. யாருன்னே தெரியாது அவரு.

ஒரு ஆளுக்கு ஒரு இடத்துல 'உண்டு'ன்னும் இன்னொரு இடத்துல 'கிடையாது'ன்னும் இருந்தா, கம்ப்யூட்டர் 'கிடையாது'ங்கிறதைத்தான் கேக்குமாம். குரூப் லிஸ்ட்டுக்கு யாரும் பூட்டுப் போடல. முதலாளி பேரை அதுலேருந்து எடுத்துட்டு, அவரை லாகின்லேருந்து வெளிய வந்து திரும்ப உள்ள போகச் சொன்னா வேலை முடிஞ்சது. அக்கா இதைச் சொல்லி முடிக்க ஒரு கரண்டி சாம்பார் ஊத்துற நேரம்தான் ஆச்சு.

"முதலாளி பேரை எப்படிக்கா எடுக்கிறது? கோவிச்சுக்க மாட்டாரா?"

"டெண்டர் போனா மட்டும் கொஞ்சுவாராக்கும். பாயாசம் வருது, குடிச்சுட்டுப் போ."

குடிச்சுட்டுத்தான் வந்தேன். வழியில ரயில்வே கேட்டு வேற. ஆபீஸ்ல நுழையும்போது மணி மூணே கால்.

முதலாளி முன்னாடி நின்னு, "லிஸ்ட்லேருந்து உங்க பேரை எடுக்கணும் சார்"னேன். அவரு கடிகாரத்தைப் பாத்தாரு. அப்புறம் எடுன்னாரு.

எடுத்தேன். வெளிய வந்து உள்ள போனாரு. ஃபோல்டர் திறந்துச்சு. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டெண்டர் ஏறிருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

முதலாளி நாற்காலியில சாஞ்சு உக்காந்து, அந்த ஸ்டாஃப் லிஸ்ட்டை மேலேருந்து கீழ வரைக்கும் நிதானமாப் படிச்சாரு.

"என் பேரை எடுத்ததுக்கே வேலை இம்புட்டுச் சுருக்கா நடக்கே, ஒன் பேரையும் எடுத்துப் பாப்பமா?"