குறிப்பு ட்ராக்

பாட்டு நாலு நிமிஷம் பத்து வினாடி. அதில் சந்தேகமே இல்லை. ஆபேலே மெட்டுப் போட்டு, ஆபேலே பதிவு செய்து, ஆபேலே நூறு தடவை கேட்ட பாட்டு. ஆனால் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் சற்று முன் அவன் போட்ட ஃபைலுக்குப் பக்கத்தில் 6:52 என்று இருந்தது.

சட்டையில் ஒரு கையை நுழைத்திருந்த ஆபேல், மறு கையை நுழைக்க மறந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

மிச்சமுள்ள நேரத்தில் என்ன இருக்கிறது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முதலில் இரண்டு நிமிஷம் நிசப்தம். அதற்குப் பிறகு அவனுடைய குரல்.

ஆபேல் கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கீபோர்டு. சபையின் ஐம்பதாம் ஆண்டுப் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்யும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தபோது, இலவசமாக ஒரு மென்பொருளைப் பிடித்துக் கொடுத்தவன் கீழ்க்கட்டளை அச்சுதன், கல்லூரி நாள் நண்பன். அந்த மென்பொருளில் பதிவு செய்யலாம். மற்றபடி எதைக் கேட்டாலும் இல்லை. பதினாறு பேர் பாடியதைப் பதினாறு ட்ராக்காக வைத்தால், யாருடையதில் என்ன குறை என்று எழுதி வைக்கக்கூட இடம் கிடையாது.

"அதுக்கு ஒரு வழி இருக்கு மச்சான்," என்றான் அச்சுதன். "எழுத முடியலன்னா பேசு. தனியா ஒரு ட்ராக் போட்டு, குறிப்பையெல்லாம் வாயால சொல்லி வை."

சொல்லி வைத்தான். அந்தக் குறிப்பு ட்ராக்கை ஊமையாக்கி வைத்தாலும், பாட்டை வெளியே எடுக்கும்போது அது வாய் திறந்தது.

"அதுக்கும் வழி இருக்கு. பாட்டு முடிஞ்சு ரெண்டு நிமிஷம் தள்ளிப் போட்டுடு."

தள்ளிப் போட்டான். பாட்டை மட்டும் தனியாக எடுக்க முடியவில்லை. எடுத்தால் முழுசாகத்தான் வந்தது.

"முழுசாவே எடு. போன்ல வாலை நறுக்கிடு. முடிஞ்சுது கதை."

ஒவ்வொரு தடவையும் நறுக்கினான். இன்று சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டான்.

மற்றக் குறிப்புகள் போனால் போகட்டும். அசரியா சாரைப் பற்றிய குறிப்புதான் ஆளைக் கொல்லும். அசரியா சார் வங்கி மேனேஜர். அதைவிட முக்கியம், பிளஸ்ஸியின் அப்பா. நாளை மாலை நாலு மணிக்கு ஆபேலின் அப்பாவும் அம்மாவும் பிளஸ்ஸியைப் பெண் கேட்டு அவர் வீட்டுக்குப் போகிறார்கள். ஆபேலுக்கு பிளஸ்ஸி என்றால் உயிர். அவளுக்கும் அப்படித்தான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் முன்பு இந்தப் பேச்சு லேசாக அடிபட்ட வாரமே, அதுவரை சபையில் பாடியறியாத அசரியா சார் பாடகர் குழுவில் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையாகப் போகிறவன்மேல் அத்தனை பிரியம் என்று சபையே மெச்சியது. அவர் வாயைத் திறந்த மாத்திரத்தில் ஆபேல் கீபோர்டின் சத்தத்தை ஏற்றினான். ஆனாலும் ஒவ்வொரு ஒத்திகையிலும், "எப்படி தம்பி?" என்று அவர் கேட்டபோதெல்லாம், "அருமை சார்!" என்றான். பிளஸ்ஸியே ஒரு நாள் போனில், "அப்பா எப்படிப் பாடறார்? நிஜமா சொல்லுங்க," என்றாள். "கர்த்தர் குடுத்த குரல்," என்றான். "ஓ," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அப்பாவைப் புகழ்ந்ததில் பெண்ணுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது என்று ஆபேல் பூரித்துப்போனான்.

மனசில் இருந்ததையெல்லாம் அவன் கொட்டியது குறிப்பு ட்ராக்கில் மட்டும்தான்.

முதல் வேலையாக குரூப்பில் போட்டதை அழித்தான். அப்பாடா என்று மறு கையையும் சட்டையில் நுழைப்பதற்குள் மெசேஜ் மேல் மெசேஜ். குழுவின் மூத்த பாடகி ஆஷா அக்கா கேட்டாள்: "ஏன் தம்பி அழிச்சே? என் பாகம் சரியில்லையா?"

அடுத்து அசரியா சாரே போன் செய்தார்.

"தம்பி, பதறாதே. கை தவறி அழிச்சுட்டே போல. நான் அதுக்குள்ள எடுத்து வச்சுட்டேன். நாகர்கோவில் சொந்தக்காரங்களுக்கும் அனுப்பியாச்சு."

"கேட்டீங்களா சார்?" ஆபேலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சேச்சே! நாளைக்குச் சபையோட சேர்ந்துதான் கேக்கணும்னு இருக்கேன். அதுவரைக்கும் தொடமாட்டேன்."

கர்த்தர் கைவிடவில்லை என்று ஆபேல் நினைத்தான். வாலை நறுக்கிய பாட்டை குரூப்பில் போட்டு, 'இதுதான் சரியானது. பழையதை யாரும் கேட்க வேண்டாம்' என்று எழுதினான். கணக்கு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மனுஷ சுபாவம் எங்கே தெரிகிறது? கேட்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பதினாறு பேருக்கும் பழையது வேண்டியிருந்தது.

"பழசு ஆறே முக்கால் நிமிஷம், புதுசு நாலு நிமிஷம். யாரோட பாகத்தை வெட்டினே?" என்றாள் ஆஷா அக்கா.

அசரியா சார் மறுபடியும் கூப்பிட்டார். "வெட்டினதுல நான் இருக்கேனா தம்பி?"

"இருக்கீங்க சார்... அதாவது, இருக்கீங்கன்னா..."

"புரியுது. நேரம் பத்தாதுன்னு யாரோ உன்னை வெட்டச் சொல்லியிருக்காங்க. நீ எதுக்கு சங்கடப்படறே? முழுசா இருக்கறதையே பென் டிரைவ்ல போட்டு டேனியல்கிட்ட குடுத்துடறேன்."

வகுப்பு முடிந்த கையோடு ஆபேல் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு மாடம்பாக்கத்துக்கு ஓடினான். டேனியல் சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருப்பவர். சபைக்கு மைக் செட்டு எல்லாம் அவர்தான். பென் டிரைவ் அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"அண்ணா, அதைக் குடுங்க. புதுசு போட்டுத் தரேன்."

"இன்னாத்துக்கு சார்? இது ஆறே முக்கா நிமிட் கீது. பெருசா இருந்தாத்தானே சார் நல்ல குவாலிட்டி? மேனேஜர் சாரு இத்தையே போடச் சொல்லிக்கினு போனாரு."

உண்மையைச் சொல்லியிருந்தால் டேனியல் சிரித்துவிட்டுக் கொடுத்திருப்பார். ஆபேலின் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"அதுல வைரஸ் இருக்குண்ணா."

டேனியல் கையை உதறினார். "வைரஸா! இன்னா சார் இவ்ளோ கூலா சொல்றே? என் லேப்டாப்பு இன்னா ஆவுறது?"

"அதான், குடுங்க, நானே அழிச்சுட்டு..."

"நீ தொடாத சார். நான் பாத்துக்கறேன். நீ வூட்டுக்குப் போ. புதுசை நாளைக்கு வேற பென் டிரைவ்ல எடுத்தா."

ஆபேல் நிம்மதியாக வீட்டுக்குப் போய், புதுப் பென் டிரைவில் பாட்டை ஏற்றி, இரண்டு தடவை சரிபார்த்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. ஆபேல் பென் டிரைவை நீட்டினான். டேனியல் அதைத் தொடவேயில்லை.

"மன்னிச்சுக்க சார். உன் கம்ப்யூட்டர்லேர்ந்து வந்ததுதானே அதுவும்? நேத்து அந்த பென் டிரைவைக் கொதிக்கிற தண்ணிலே போட்டு எடுத்தேன். அப்படியும் மனசு ஆறல. லேப்டாப்பையும் வூட்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

"அப்ப என் போன்லேர்ந்து போடுங்கண்ணா!"

"உன் போனுக்கும் ஒட்டியிருக்கும் சார்."

ஆயர் அதற்குள் பாட்டை அறிவித்துவிட்டார். சபை காத்திருந்தது. முன்வரிசையில் அசரியா சார் எழுந்து திரும்பி, கையை உயர்த்தினார்.

"ஒண்ணும் கவலை வேண்டாம் ஐயா! என் போன்ல இருக்கு!"

"சார், வேணாம் சார், என்கிட்ட..." ஆபேல் பாய்ந்தான்.

"நீ போய் கீபோர்டுல உக்காரு தம்பி. அடுத்த பாட்டுக்கு நீதான் வாசிக்கணும்," என்று தோளைத் தட்டிவிட்டு, போனை டேனியலிடம் கொடுத்தார். வங்கி மேனேஜர் போனில் வைரஸ் வருமா என்று டேனியலும் வாங்கிக்கொண்டார்.

பாட்டு ஒலித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பாட்டு பிரமாதமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர் சபையில் ஆபேல் ஒருவன்தான். நாலு நிமிஷம் பத்து வினாடியில் பாட்டு முடிந்தது. டேனியல் போனை எடுக்கக் கை நீட்டுவதைப் பார்த்து ஆபேலுக்கு மூச்சு வந்தது.

அப்போது ஆயர் தழுதழுத்த குரலில் சொன்னார்: "இதுக்கப்புறம் பேச்சு எதுக்கு? எல்லாரும் அப்படியே கண்ணை மூடி, ரெண்டு நிமிஷம் மௌனமா இருப்போம்."

டேனியல் நீட்டிய கையை எடுத்துக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபேல் எதையாவது வாசித்து மூடிவிடலாம் என்று கீபோர்டில் விரலை வைத்தான். ஆயர் ஒரு கண்ணைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார். ஆபேல் எழுந்து நடக்கப் பார்த்தான். ஆயரின் மறு கண்ணும் திறந்தது. உட்கார்ந்துவிட்டான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

முந்நூறு பேர் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தபோது, நாலு பெரிய ஸ்பீக்கர்களிலும் ஆபேல் தொண்டையைக் கனைத்தான்.

"ஆஷா அக்கா, ரெண்டாவது டேக். குரல் தேன். ஆனா வளையல் போடற தாளம்தான் பாட்டு தாளத்தைவிடக் கரெக்டா இருக்கு."

ஆங்காங்கே கண்கள் திறந்தன.

"அசரியா சார், நாலாவது டேக். சுருதி பல்லாவரத்துல நிக்குது. இவர் வண்டலூர் தாண்டிப் போய்க்கிட்டிருக்கார். தயவுசெஞ்சு முழுசா எடுத்துடு. இல்லன்னா பாட்டு செத்துடும். வெளியே யாருக்கும் தெரியாம சத்தத்தைப் பூஜ்யத்துல வை."

முதலில் பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்றாள். அவ்வளவுதான், நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போல் சபை முழுக்கச் சிரிப்பு உருண்டது. டேனியல் பாய்ந்து போனைப் பிடுங்கி, வைரஸ் இதுதானா என்பது போல் உற்றுப் பார்த்தார். ஆயர் முகத்தை பைபிளால் மறைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஆராதனை முடிந்ததும் ஆபேல் வேப்ப மரத்தடியில் போய் நின்றான். ஓடிப்போக ஆசைதான். ஆனால் ஸ்கூட்டர் சாவி கீபோர்டு மேல் இருந்தது. எதிரே அசரியா சாரும் அவர் மனைவி ரத்தினபாயும் வந்தார்கள். பின்னால் பிளஸ்ஸி, முகத்தைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு.

அவள் அழுகிறாள் என்றே ஆபேல் நினைத்தான்.

"வண்டலூர் தாண்டிட்டேனா?" என்றார் அசரியா சார்.

"அது வந்து சார்..."

"மழுப்பாதே. எங்கே இருந்தேன், சொல்லு."

இனி மறைத்து ஆவதென்ன என்று ஆபேல் நிமிர்ந்தான். "கூடுவாஞ்சேரி சார். சில இடத்துல செங்கல்பட்டு."

அசரியா சார் அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கார் பக்கமாக நடந்தார். பிளஸ்ஸியும் அவர் பின்னால் போய்விட்டாள்.

"அக்கா... ஆன்ட்டி," என்று ஆபேல் ரத்தினபாயிடம் தடுமாறினான். "சாயங்காலம் வர வேணாம்னு அப்பா அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். சார் மனசை நோகடிச்சுட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

ரத்தினபாய் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரும் பிளஸ்ஸியும் சிரிப்பை அடக்க முடியாமத்தான் ஓடறாங்க தம்பி. பொண்ணு கேக்கற பையன் மூஞ்சிக்கு நேரா நிஜத்தைச் சொல்றானான்னு பாக்கத்தானே மூணு மாசமா அவர் கண்டபடி கத்தினாரு. நீயும் முன்னாடி பொண்ணு கேட்டு வந்த ரெண்டு பேர் மாதிரி 'அருமை, அருமை'ன்னே சொன்னதால, வேணாம்னு இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடலாம்னுதான் இப்ப வரைக்கும் இருந்தோம்!"