பானெட்டில் ஒரு சொத்தை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பல் டாக்டர் பைஜாமாவோடு போர்ட்டிகோவில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விளக்கு. கையில், நோயாளிகளின் வாய்க்குள் விடுகிற சின்ன வட்டக் கண்ணாடி. அதைத் தன் புதுக் காரின் பானெட்டுக்கு மேல் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க கொஞ்சம் வாயேன்,” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

டாக்டரம்மா காபியோடு வந்தார். அவர் டாக்டர் இல்லை. டாக்டரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குத் தெரு கொடுத்த பட்டம் அது.

“என்னங்க, சொத்தையா?”

“கிண்டல் வேண்டாம். கீறல். நேத்து இது இல்லை.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“முடி அளவு இருக்கு பாரு. என் கண்ணுக்குத் தப்புமா?”

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குக் கீறலைவிடக் கணவரின் பனியனில் இருந்த ஓட்டைதான் பெரிதாகத் தெரிந்தது. காபியை நீட்டினார்.

கார் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எலுமிச்சை மஞ்சள், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு, இரண்டே இருக்கை. ஊரில் அப்படி ஒன்றுதான். ஷோரூமிலிருந்து அதை டாக்டரே ஓட்டிவந்தார். வழியில் சைக்கிளில் போன பால்காரர் மணியடித்து ஒதுங்கச் சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போனாராம். ஆனாலும் வண்டி பத்திரமாக வீடு வந்தது. வந்ததும் போர்ட்டிகோ சுவரை ஒட்டி நிறுத்தியதில் கதவு கால்வாசிதான் திறந்தது. டாக்டர் சட்டைப் பொத்தான் ஒன்றை உள்ளே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தார். கதவு விளிம்பு சுவரில் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. பெயிண்டுக்கு மேல் ஒரு பாதுகாப்பு ஏற்றும்வரை இனி இந்தக் கதவைத் திறப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தார். சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. டாக்டர் பழையபடி ஸ்கூட்டரில் கிளினிக் போனார்.

அந்த ஸ்கூட்டருக்கும் ஒரு கதை உண்டு. நிச்சயம் ஆன புதிதில் அதன் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “ஒரு நாள் ரெண்டே சீட்டு இருக்கிற கார் வாங்கி உன்னைக் கடற்கரை ரோட்டுல கூட்டிட்டுப் போவேன்,” என்று அவர் சொல்லியிருந்தார். காதலிக்கிறவர்கள் எதை எதையோ சொல்வார்கள். இவர் மறக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் ஊரார் வாயைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டார்.

“வர்ற வெள்ளிக்கிழமை கல்யாண நாள்,” என்றார் டாக்டரம்மா. “அன்னைக்காவது அந்த ரோட்டுக்குப் போவோமா?”

“இந்த நிலைமையிலயா? மேல ஒண்ணுமே இல்லாம எடுத்தா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?”

“எப்ப ஏத்தப் போறீங்க?”

“தேர்ந்தெடுக்கணும்ல. மெழுகு இருக்கு, செராமிக் பூச்சு இருக்கு, கண்ணாடி மாதிரி மேல ஒட்டற ஃபிலிம் இருக்கு. அவசரப்பட்டா ஆச்சா?”

“சரி,” என்றார் டாக்டரம்மா.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆன எந்த ஆணுக்கும் அப்படி ஒற்றைச் ‘சரி’யின் அர்த்தம் தெரியும். டாக்டருக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் தேர்ந்தெடுப்பது என்பது அவர் வீட்டில் சாதாரண விஷயமில்லை. குளியலறைக்கு டைல்ஸ் நிறம் தேர்ந்தெடுக்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டவர் அவர். அந்தப் பதினோரு மாதமும் குடும்பம் சிமெண்ட் தரையில்தான் குளித்தது.

முதலில் கீறலைப் போக்கியாக வேண்டும். பூச்சு எதுவானாலும் அதற்குப் பிறகுதான். கையில் இருக்கும் வித்தையைக் காட்டினார். பற்பசையைப் பஞ்சில் எடுத்து, சின்னச் சின்ன வட்டமாக, நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே முறையில் பத்து நிமிஷம் தேய்த்தார். கீறல் போய்விட்டது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒரு தேமல் வந்திருந்தது.

“முன்னால முடி அளவுதான் இருந்துச்சு,” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மாவின் தம்பி வந்தான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன். கையில் மெழுகு டப்பா.

“மாமா, இதைப் பூசிட்டீங்கன்னா தேமலும் தெரியாது, தண்ணி பட்டாலும் வழிஞ்சு ஓடிடும்.”

“ஃபிலிம் நல்லதுங்கறாங்களே, மாப்ளே.”

“நல்லதுதான். ஓரத்தை உள்பக்கமா மடிச்சு ஒட்டிட்டா, இருக்கிறதே தெரியாதாம்.”

“யாருக்குத் தெரியாது? பல்லு எனாமல்ல இருக்கிற விரிசலையே கண்டுபிடிக்கிறவன் நான். எனக்குத் தெரியாமப் போயிடுமா?”

டாக்டரம்மாவுக்கு அப்போது எதற்கோ இருமல் வந்தது. உள்ளே போய்விட்டார்.

மாமனும் மச்சானுமாக மெழுகு பூசினார்கள். டப்பாவில் ‘மெல்லிதாக’ என்று எழுதியிருந்தது. ‘கனமாகப் பூசினால் கனமாகக் காக்கும்’ என்று மச்சான் நினைத்தான். பூசி முடிக்கவும் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. தெருவில் உள்ள தூசியெல்லாம் காரில் வந்து உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது. துணியால் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க, நீச்சல் குளத்தில் கல் போட்டதுபோல வட்டம் வட்டமாகக் கோடுகள் எழுந்தன.

“இதுக்குப் பேரு சுழல் கோடு,” என்றான் தம்பி, தான் கண்டுபிடித்ததுபோல.

டாக்டர் காருக்கு உறை போட்டு, வாயில் தையல் போடும் முடிச்சாகப் பார்த்து நாலு மூலையிலும் கட்டினார். கிளினிக் போகும்போதும் அப்படித்தான் கட்டிவிட்டுப் போவார்.

அந்த முடிச்சில்தான் அடுத்த தலைவலி தொடங்கியது. செவ்வாய் காலையில் கிளினிக் போகும் முன் கட்டிய முடிச்சு, புதன் காலை பார்த்தால் வேறு முடிச்சாக இருந்தது. சாதாரண, ஷூ கயிற்று முடிச்சு. உறையை நீக்கினால் முன் பம்பரில் ஏழெட்டுச் சின்னப் பூச்சிகள் அப்பிச் செத்துக் கிடந்தன.

“நிறுத்தி வெச்சிருக்கிற வண்டியில பூச்சி எப்படி வந்து மோதிச் சாகும்?” என்று எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“மஞ்சள் கலர்னா பூச்சிக்கு உயிராச்சே, டாக்டர்,” என்றார் எதிர்வீட்டு அம்மாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

டாக்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. தெருவில் அந்தக் காரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். டாக்டரிடம் மட்டும் பேச்சு பூச்சியோடு நின்றது.

இனி பொறுப்பதில்லை என்று செராமிக்குக்கு வந்தார். கடையில் கொடுத்தால் கண்டவன் கைபடும். தானே செய்வது என்று சின்னக் குப்பி ஒன்று வாங்கிவந்தார். பல்லுக்கு மேல் தினமும் பூச்சு ஏற்றுகிறவருக்கு ஒரு கார் என்பது பெரிய கடைவாய்ப்பல், அவ்வளவுதானே. புதன் சாயங்காலம் கிளினிக்கைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, பல் அடைத்ததைக் கெட்டியாக்கும் நீல விளக்கையும் எடுத்துவந்தார். ஓர் அங்குலம் பூசுவார், இருபது விநாடி விளக்கு காட்டுவார், அடுத்த அங்குலத்துக்கு நகர்வார்.

“முழு வண்டிக்கும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று டாக்டரம்மா கேட்டார்.

டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். விடை வந்ததும் அவசரமாக அடுத்த அங்குலத்துக்கு நகர்ந்தார்.

பானெட்டில் பாதி முடிவதற்குள் விளக்கின் பேட்டரி தீர்ந்தது. பூசிய இடம் திட்டுத் திட்டாக வெளுத்து, பூசாத இடம் மெழுகுக் கோடுகளோடு அப்படியே இருந்தது. அத்தனைக்கும் நடுவில் அவர் இன்னொன்றையும் பார்த்தார். பம்பருக்கு மேலே, ஊசி முனையால் குத்தியதுபோல் ஆறு புள்ளிகள்.

மச்சானுக்குப் போன் போட்டுப் படம் அனுப்பினார்.

“கல்லடி, மாமா,” என்றான். “வேகமாப் போறப்போ முன்னால போற வண்டி டயர்லேர்ந்து கல்லு தெறிக்கும்ல, அது.”

“என் வண்டி எங்கடா வேகமாப் போச்சு? மூணு வாரமா இந்தச் சுவரைத்தான் பார்த்துக்கிட்டு நிக்குது.”

“அப்ப பக்கத்துல யாராவது டைல்ஸ் வெட்டறாங்களோ என்னமோ.”

டாக்டர் பூந்தொட்டிகளை இழுத்துக் காருக்கு முன்னால் வரிசையாக அரண் கட்டினார். இழுத்ததில் ஒரு தொட்டி பம்பரின் ஓரத்தை உரசியது. அவர் அப்படியே தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். “நான் எடுத்து வெக்கட்டுமா?”

“வேண்டாம். அன்னைக்கு உங்கப்பா வண்டியை வாசல் கேட்டுல உரசினியே, ஞாபகம் இருக்கா? உன்னைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். இப்ப நின்ன வண்டியை நானே உரசிட்டேன்.”

உண்மைதான். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவர் டாக்டரம்மா. ஒரே ஒரு முறை கேட்டில் உரசினார். அந்தக் கதையை டாக்டர் எந்த விருந்தாளியிடமும் சொல்லாமல் விட்டதில்லை. அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு யாரும் பார்த்ததாக டாக்டருக்குத் தெரியாது.

“போகட்டும் விடுங்க,” என்றார் டாக்டரம்மா. அண்மையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டிருந்தார். மத்தியானத்தில் கண் கூசுகிறது என்று வாங்கியது. “உரசினாலும் அது கார்தான். ஓடத்தானே வாங்கினோம்.”

அன்று அவர் கோபமாகப் பேசியிருந்தால் டாக்டர் தூங்கியிருப்பார். பிரியமாகப் பேசிவிட்டதால் தூக்கம் வரவில்லை.

வியாழன் மத்தியானம் கிளினிக்குக்கு ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேசவே முடியாத வலி. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு இரண்டு பக்கமும் பஞ்சு திணித்து, எச்சில் இழுக்கும் குழாயை மாட்டிவிட்டு, அப்புறம்தான் அவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் ‘கார்களுக்கு ஃபிலிம் ஒட்டுதல்’ என்று இருந்தது.

“நீங்க ஃபிலிம்காரரா? உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்,” என்று டாக்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். “என் வண்டி மஞ்சள் கலர். ரெண்டு சீட்டு.”

ஃபிலிம்காரர் கண்ணை அகல விரித்தார். “ஆ... ஆ...”

“பேசாதீங்க, நாக்கு கடிபட்டுடும். முதல்ல கீறல் ஒண்ணு விழுந்துச்சு. பற்பசை வெச்சுத் தேய்ச்சுட்டேன்.”

ஃபிலிம்காரர் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தார்.

“வலிக்குதா? மருந்து ஏறலை போலிருக்கு.” டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். “அப்புறம் மச்சான் வந்து மெழுகைக் கெட்டியாப் பூசினான். காஞ்ச துணியில துடைச்சோம்.”

ஃபிலிம்காரரின் கால் இரண்டும் தூக்கிப்போட்டது.

“இன்னும் வலிக்குதா? ஆச்சரியமா இருக்கே. நேத்து செராமிக்கை ஊத்தி, இந்த விளக்கைக் காட்டினேன்.”

ஃபிலிம்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வழிந்தது. டாக்டர் அதைத் துடைத்துவிட்டு, பல்லைக் குடைந்தபடியே பேசினார். வாய் மூட முடியாதவரிடம்தான் மனிதனுக்கு மனதைத் திறக்க முடிகிறது.

“உண்மையைச் சொன்னா, என் வீட்டுக்காரியை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. வண்டி வந்து இத்தனை நாள் ஆச்சு, பாவம், ஒரு தடவைகூட அதுல உட்காரலை. ஒரு வார்த்தை குறை சொல்லலை. நாளைக்குக் கல்யாண நாள். காலையில உங்களால ஃபிலிம் ஒட்டிக் குடுக்க முடியுமா?”

ஃபிலிம்காரர் தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டினார்.

“ஆடாதீங்க. முடியாதா? சரி, விடுங்க.” டாக்டர் துளையிடும் கருவியைக் கீழே வைத்தார். “முடியாட்டியும் பரவாயில்லை. வெறும் பெயிண்டோடயே நாளைக்கு எடுத்துடறேன். கல்லு பட்டா படட்டும். காரைக் காப்பாத்திக் காப்பாத்தி அவளை ஸ்கூட்டர் பின்னாலேயே உட்கார வெச்சிருக்கேன், இருபத்தஞ்சு வருஷமா.”

ஃபிலிம்காரர் இப்போது ஆடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பல்லை அடைத்து, நீல விளக்கைக் காட்டி, பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து, குழாயைக் கழற்றி, தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

ஃபிலிம்காரர் கொப்பளித்தார். துப்பினார். மரத்துப்போன உதட்டைக் கையால் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்:

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்க டாக்டர், வண்டி வந்த மூணாம் நாளே உங்க வீட்டம்மா அதை என் கடைக்கு ஓட்டிக்கிட்டு வந்து முழுசா ஃபிலிம் ஒட்டிட்டாங்க, ஆனா நாளைக்கும் அவங்களையே ஓட்டச் சொல்லுங்க, என் கடை இருக்கிற கடற்கரை ரோட்டுல ஒவ்வொரு வளைவும் இப்ப அவங்களுக்குத்தான் அத்துப்படி.”