கரையிலிருந்து ஓர் ஓடிபி

கோவாவுக்குச் சூதாடப் போகிறவர்களில் பலரை எனக்குத் தெரியும். பணத்தைச் சாக்ஸுக்குள் சுருட்டி வைப்பவர் உண்டு. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்துவிட்டு, தலைவலி வந்தபோது திறக்கப் பயந்தவரும் உண்டு. ஆனால் சட்டைப்பையில் டீ குடிக்கக்கூடக் காசில்லாமல், கையை வீசிக்கொண்டு சூதாடப் போன மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கப்பல் மாஸ்டர்.

அடையாறில் எங்கள் தெருமுனையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் ஒரு மேஜை, ஒரு பழைய கார், மேஜைக்குப் பின்னால் அவருடைய மனைவி சரோஜா அக்கா. அவ்வளவுதான். மாஸ்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவரிடம் பழகி லைசென்ஸ் வாங்கிய யாருக்கும் அது தெரியாது. கப்பல் என்ற பெயர் முதலில் காரின் வேகத்துக்காக வந்தது. காலையில் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் நாங்கள் ஓட்டிப் பழகும்போது, நடைப்பயிற்சி போகும் பெரியவர்கள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். போகிற போக்கில் ஜன்னலில் குனிந்து குட்மார்னிங்கும் சொல்வார்கள்.

பிறகு நிஜக் கப்பலும் வந்து பெயரைக் கெட்டிப்படுத்தியது. கோவாவில் ஆற்றின் நடுவே நிற்கும் சூதாட்டக் கப்பலுக்கு மாஸ்டர் வருஷத்துக்கு ஒருமுறை போவார். மற்ற நாளெல்லாம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்களுக்கு ரிவர்ஸ் வராவிட்டாலும் அந்தக் கப்பலின் மாடிப்படி எந்தப் பக்கம் என்று தெரியும்.

"செகண்டு கியர் போடு நைனா. ஆங். சாயங்காலம் ஆச்சுன்னா அந்தக் கப்பல்ல லைட்டப் போடுவான். செவப்பு, பச்ச, எல்லாம் அப்டியே தண்ணில எறங்கிக்கினு கரையும். நம்ம மேல குந்திகினு பாத்தா, கப்பல் நிக்குதா போவுதான்னே தெரியாது..."

சொல்லச் சொல்ல அவர் கண் பாதி மூடிவிடும். கடல் காற்று உள்ளே வரும். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் சாலை மறந்துபோகும். அப்படி ஒரு நாள் மீன் ஏற்றி வந்த மினிவேனை நோக்கி நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. அவருடைய சீட்டுப் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கை அவர் கால் மட்டும் தானாக மிதித்தது. வண்டி நின்றது. வேன்காரர் எங்கள் வம்சத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். "வுடு நைனா, எங்க வுட்டேன்? தண்ணில லைட்டு..." என்று மாஸ்டர் தொடர்ந்தார்.

கால் இப்படி விழிப்பாக இருக்கிற மனிதருக்குக் கையில் மட்டும் பிரேக் கிடையாது. முதல்முறை கோவா போனபோது ரொக்கமாக எடுத்துப் போயிருக்கிறார். இரண்டாவது கார் வாங்குவதற்காக அக்கா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அதைச் சக்கரம் சுற்றும் மேஜையில் உட்கார்ந்து, கனவில் வந்த எண்ணின்மேல் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சக்கரத்தில் கோலிக்குண்டு உருண்டு ஊரிலுள்ள எல்லா எண்ணிலும் போய் விழுந்ததாம், அந்த எண்ணைத் தவிர. திரும்பி வரும்போது ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கழிவறைக் கதவோரம் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்.

அக்கா திட்டவில்லையாம். ஒரு வாரம் அவரோடு பேசவே இல்லையாம். "திட்டுனா தாங்கிக்குவேன் நைனா. பேசாம சோத்த மட்டும் வெச்சிட்டுப் போனா இன்னா பண்றது? ஊடே ஊமையாப் பூட்ச்சி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வாரத்தில் அவரே யோசித்து அவருக்கே போட்டுக்கொண்ட சட்டம்தான் பின்னால் எங்கள் பேட்டையில் பிரசித்தியானது.

சட்டம் இதுதான். ரயில் டிக்கெட், அறை, கப்பலின் நுழைவுச் சீட்டு எல்லாவற்றுக்கும் அக்கா முன்கூட்டியே கட்டிவிடுவார். மாஸ்டரிடம் காசு இருக்காது, ஒரு கார்டு மட்டும் இருக்கும். கப்பலில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள் வேண்டுமென்றால் கவுன்ட்டரில் இருக்கும் பெண் அவர் போனுக்கு ஒரு லிங்க் அனுப்புவாள். அதில் கார்டு எண்ணைத் தட்ட வேண்டும். தட்டினால் ஆறு இலக்க ஓடிபி வரும். அது வந்து சேருவது கோவாவில் இருக்கும் மாஸ்டருக்கு அல்ல. அடையாறில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சரோஜா அக்காவின் போனுக்கு.

"வண்டில ரெண்டு பிரேக்கு வெச்சிக்கினுதான பொழப்பு ஓடுது? ஆக்ஸிலேட்டர் எங்கிட்ட, பிரேக்கு உங்கக்கா கிட்ட" என்பார் பெருமையாக.

ஜெயித்தால் அந்தப் பணத்தை என்ன செய்வது என்று சட்டத்தில் இடமில்லையே என்று கேட்டேன். "அந்தக் கஷ்டம் இதுவரைக்கும் வரல நைனா" என்றார்.

அவர் கோவாவில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் ஸ்கூலில் கூட்டம் கூடிவிடும். பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர், எதிர் மருந்துக் கடைப் பையன், நான் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல் நிற்போம். போன் அடிக்கும். அக்கா நிதானமாக எடுத்து ஸ்பீக்கரில் போடுவார்.

"சரோஜா, நம்பர் வந்துச்சா?"

"வந்துகீது. சாப்ட்டியாயா?"

"ஆச்சு ஆச்சு. நம்பரச் சொல்லு."

"இன்னா சாப்ட்ட?"

"ஏதோ வெச்சான், துன்னேன். நம்பரு..."

"சக்கர மாத்திர?"

"போட்டேன்."

"எந்தக் கலர் போட்ட?"

அந்தப் பக்கம் இருமல் சத்தம் மட்டும் கேட்கும். மாத்திரை அறையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அக்கா ஆரம்பிப்பார். ஓடிபிக்கு ஆயுள் கொஞ்சம்; அக்காவின் விசாரணைக்கு ஆயுள் அதிகம். அவர் மனமிரங்கி எண்ணைச் சொல்லும்போது அது செத்துப்போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடி லிங்க், மறுபடி எண், மறுபடி "தலைக்கு எண்ண வெச்சியா?" இப்படியே கப்பலில் அவர் ஆடிய நேரத்தைவிடக் கவுன்ட்டரில் நின்ற நேரம்தான் ஜாஸ்தி. அந்தச் சட்டம் அவருடைய சொத்தைக் காப்பாற்றிய விதம் இப்படித்தான்.

ஒரு வருஷம் மாஸ்டர் அழைத்த அதே நேரத்தில் காஸ் சிலிண்டர் வந்துவிட்டது. சிலிண்டர் வாங்கவும் இப்போது போனுக்கு ஒரு எண் வருகிறதல்லவா? அக்கா மாஸ்டரைத் திட்டிக்கொண்டே சிலிண்டர்காரருக்கு ஓர் எண்ணைச் சொன்னார்.

"அக்கா, இன்னா ஆறு நம்பர் சொல்ற? மிசின்ல நாலுதான் கேக்குது."

"ஒயுங்காப் போட்டுப் பாரு நைனா."

அந்தப் பக்கம் கோவாவில் மாஸ்டர், "சரோஜா, இன்னா நாலு நம்பரோட நிறுத்திட்ட? மிச்சம் ரெண்டு எங்க?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சூதாட்டக் கப்பலின் எண் சிலிண்டர்காரருக்கும் சிலிண்டரின் எண் சூதாட்டக் கப்பலுக்கும் போய்விட்டது. நாங்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் மாஸ்டரின் கார்டு முடங்கிவிட்டது, சிலிண்டர்காரரும் கோபித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் சூதும் இல்லை, சோறும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் இட்லி போயிற்று.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் என்னையும் கூட அனுப்பினார் அக்கா. "நீ போயிட்டு வா தம்பி. அவரு மேல குந்திகினு தண்ணியப் பாத்துக்கினே இருப்பாரு. கரைக்கு வர்ற கடைசிப் படகை வுட்டுடுவாரு" என்றார். என்னைப்போல் கதை எழுதுகிறவனுக்கு ஓசியில் ஒரு விஷயம் கிடைத்தால் விடுவானா, கிளம்பிவிட்டேன். இரண்டாவது காருக்கான பணம் மறுபடி முழுசாகச் சேர்ந்து அந்தக் கார்டின் கணக்கில் கிடக்கிறது என்பது ரயிலில்தான் எனக்குத் தெரிந்தது. சட்டம் இருக்கும் தைரியத்தில் மாஸ்டர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

அவர் சொன்னதெல்லாம் நிஜம்தான். சின்னப் படகில் போய்க் கப்பலில் ஏறினோம். பொழுது சாய்ந்து விளக்குகள் எரிந்தன; சிவப்பும் பச்சையும் தண்ணீரில் இறங்கி மெல்லக் கரைந்தன. மேல்தளத்தில் உட்கார்ந்தால் கப்பல் நிற்கிறதா போகிறதா என்று எனக்கும் தெரியவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைக் காட்டிவிட்டு நிற்கும் அப்பாவின் முகம் அது.

பிறகு கவுன்ட்டருக்குப் போனோம். லிங்க் வந்தது, கார்டு எண்ணைத் தட்டினார், அக்காவை அழைத்தார். ரொம்ப நேரம் அடித்தது.

"சரோஜா, நம்பர் வந்துச்சா?"

அக்கா ஆறு எண்களையும் மளமளவென்று சொன்னார். போனை வைத்துவிட்டார்.

மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கவுன்ட்டர்ப் பெண் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். "போடுங்க மாஸ்டர், டைம் போயிடும்" என்றேன். வருஷக்கணக்கில் இவ்வளவு சுளுவாக எண் கிடைத்ததே இல்லை. பிரேக்கே இல்லாத சாலை, முழுக்க அவர் முன்னால் கிடந்தது.

"சாப்ட்டியான்னு கேக்கல நைனா" என்றார் அவர்.

"அவசரமா இருப்பாங்க."

"கேக்கலையே." முகம் வெளுத்துவிட்டது. "இன்னாவோ ஆயிட்ச்சி. அவ அப்டிக் குடுக்க மாட்டா."

மறுபடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இஸ்திரிக் கடைக்காரரை நான் அழைத்தேன், அவரும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவருடைய சட்டம் அவரையே பிடித்துக்கொண்டது. உடனே ஊருக்குப் போக வேண்டும், கையில் பைசா இல்லை. கார்டில் விமானமே வாங்கலாம் போல் பணம் கிடக்கிறது, ஆனால் டிக்கெட் போட்டால் அதற்கும் எண் அக்காவுக்குத்தான் போகும். அக்கா எடுக்கவில்லை. "ஆறு நம்பரு கைல கீது, ஊட்டுக்குப் போக ஆறு ரூவா இல்ல" என்று கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விமான டிக்கெட்டை என் போனில் நான் போட்டேன்.

காலை முதல் விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம்தான் இருந்தது, நகர்கிற மாதிரியே தெரியவில்லை. கீழே பார்த்தேன். மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. அவர் உட்காரும் பக்கத்தில் பிரேக் மட்டுமே இருந்து பழக்கம். அன்றைக்கு அந்தக் கால் ஆக்ஸிலேட்டரைத் தேடியது.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இஸ்திரிக் கடைக்காரரும் அவர் மனைவியும்தான் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்து படுத்திருந்தார்.

மாஸ்டர் கட்டிலருகே நின்றார். "ஏன் சொல்லல?"

"தியேட்டருக்குத் தள்ளிகினு போறாங்க, போனப் புடுங்குறாங்க, அந்த நேரம் பாத்து நீ நம்பர் கேக்குற. வருசத்துல ஒரு தபா போற. அதையும் ஏன் கெடுக்கணும்னு சொல்லி வுட்டேன்." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். "வெச்சி ஆடுனியா?"

"இல்ல. நீ சாப்ட்டியான்னு கேக்கல."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி, இப்பக் கேக்குறேன். சாப்ட்டியாயா?"

"இல்ல" என்றார் மாஸ்டர். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். நான் இட்லி வாங்கி வரக் கிளம்பினேன்.

காருக்கென்று சேர்த்த அந்தப் பணத்தில் அக்காவின் ஆபரேஷன் போகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டாவது கார் இன்னும் வரவில்லை. கோவா அத்தோடு முடிந்தது என்று தெருவே நினைத்தது. இந்த வருஷம் ஒரு நாள் மாஸ்டர் வந்து, "நைனா, கெளம்பு. உங்கக்காவும் வருது" என்றார். கைத்தடி ஊன்றிக்கொண்டு அக்கா படகில் ஏறிய அழகைப் பார்க்க வேண்டும். படகோட்டியிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

மேல்தளத்தில் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தோம். விளக்குகள் தண்ணீரில் இறங்கின. அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நீ சொன்னப்பல்லாம் பொய்யின்னு நெனச்சேன்யா" என்றார். மாஸ்டர் கவுன்ட்டருக்கு இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கைப்பைக்குள் போன் அடித்தது. நான் எட்டிப் பார்த்தேன். கீழே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு மாஸ்டர் போனைக் காதில் வைத்திருந்தார்.

"சரோஜா, நம்பர் வந்துச்சா?"

"வந்துகீது" என்றார் அக்கா, தண்ணீரைப் பார்த்தபடியே. "சாப்ட்டியாயா?"

இப்போதுதான் மூன்று பேரும் ஒரே தட்டு பஜ்ஜியைத் தின்று முடித்திருந்தோம். ஆனாலும் மாஸ்டர், அடையாறுக்குப் பேசுகிறவர்போல் குரலை உயர்த்தி, என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரையின் நிறம் சொன்னார். அந்த எண் செத்துப்போயிற்று. கவுன்ட்டர்ப் பெண் இன்னொரு லிங்க் அனுப்பினாள், அதில் வந்த எண்ணும் செத்தது. யாரும் எதையும் வைத்து ஆடவில்லை. கடைசிப் படகை நான்தான் நினைவுபடுத்தினேன், எனக்கே மனசில்லாமல்.