எட்டு எம்.எம். கண்டிக்குப் போனான்

தொட்டில் குழந்தை முதல் கலெக்டர் வரை ஒரு ஆளைக்கூடச் சலித்துப் பார்க்காமல் விட்டதில்லை அவன். போடிநாயக்கனூரில் அவனுக்கு எட்டு எம்.எம். என்று பெயர். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நிற்கும் ஏலக்காய்தான் எங்கள் ஊரில் உசத்தி. மனிதர்களுக்கும் அவனிடம் அதே அளவுதான். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், கேசரியைத் தின்றுகொண்டே, "பையன் ஆறுதேன். உள்ள பொக்கு" என்று சொல்லி எங்களை ஓட வைத்தவன்.

எட்டாம் வகுப்பில் டூர் கூட்டிப்போவதாகச் சொன்ன வாத்தியார் போடிமெட்டு வரைகூடக் கூட்டிப்போகவில்லை. அந்த வயிற்றெரிச்சலை நாற்பத்தெட்டு வயதில் தீர்த்துக்கொண்டோம். அப்போது வகுப்பு லீடராக இருந்த காதர்தான் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் லீடர். பதினோரு பேர் இலங்கைக்குக் கிளம்பினோம். விமானத்தில் எட்டு எம்.எம். எல்லோருக்கும் அளவு சொன்னான். காதர் ஏழரை. நான் ஏழு. நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவனுக்கு அது அதிகம். ஆனாலும் நான் மறுக்கவில்லை.

கண்டியில் ஒரு வாசனைப் பொருள் கடை. கண்ணாடிக் கிண்ணங்களில் ஏலக்காய். அவன் கை சும்மா இருக்குமா? எங்கள் ஊர் ஏலத்தில் வியாபாரிகள் சாம்பிள் காயை அள்ளி, உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, மிச்சத்தைத் தரையில் வீசுவார்கள். அதுதான் அங்கே முறை. இவனும் அள்ளினான், கடித்தான், வீசினான். நாலாவது கிண்ணத்தில் கடை முதலாளி ஓடி வந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

"காய் பழசுங்க. போன வருசத்துது" என்றான், உபகாரம் செய்தவன் மாதிரி.

"போலீசைக் கூப்பிடுறேன். இவரோட வந்தது யாரு?"

நாங்கள் யாரென்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. காதர் ஒரு சோப்பை எடுத்து, அதிலிருந்த சிங்களத்தைப் படிக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். நான் ஒரு மர யானைக்குப் பின்னால் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். அது வார் இல்லாத செருப்பு.

எட்டு எம்.எம். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"தனியாத்தேன் வந்தேன்" என்றான்.

பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காயாகப் பொறுக்கினான். பொறுக்கும்போதே பெரிசு, நடு, சிறுசு என்று பிரித்தும் வைத்தான். அந்த நேர்த்தியைப் பார்த்த முதலாளி, கடைசியில் டீ கொடுத்துத்தான் அனுப்பினார். எங்களுக்கு இல்லை. நாங்கள்தான் யாரோ ஆயிற்றே.

வேனில் ஏறினோம். காதர்தான் கேட்டான்: "மாப்ளே, இப்ப நாங்க எத்தன எம்.எம்.?"

"சல்லடைய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன்டா. வெரசா அந்த சன்னல மூடு, காத்தடிக்குது."

போன வாரம் போடியில் ஒரு பேக்கரி. இருந்த பன்னையெல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, இந்தாளு கூட வந்தது யாருப்பா?" என்று கடைக்காரர் கத்தினார்.

கடை நிறையக் கூட்டம். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கையைத் தூக்கினேன்.

"நான்தேண்ணே. எட்டாப்புலருந்து எங்கூடத்தேன் வர்றான்."