மல்லாவிச் சைக்கிள் கடையின் இணையத்தளத்தைப் பார்வையிட்டோர் தொகை தொடர்பாக

மல்லாவி,
17.10.2004

அன்பு மருமகன் பிரசாந்தனுக்கு,

மாமா தில்லைநாதன் எழுதிக்கொள்வது. நானும் மகள் அருந்ததியும் இங்கு சுகம். ரொறன்ரோவில் நீரும் மனைவி பிள்ளைகளும் அவ்வாறே சுகமாயிருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகவும். இந்தக் கடிதம் நீளமாயிருப்பதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு பக்கத்துக்குள் குறுக்கி எழுதிப் பார்த்தேன். குறுக்கியபோது உண்மையில் ஒரு பகுதி விடுபட்டுப் போயிற்று. ஆகவே திரும்பவும் நீட்டியிருக்கிறேன்.

ஆடி மாதம் தொலைபேசியில் நீர் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன். "மாமா, கடைக்கு இணையத்தளம் செய்து தந்து ஒரு வருசமாகுது. ஆராவது பாக்கினமோ இல்லையோ எண்டே தெரியாது. வாறவையை எண்ணுற ஒண்டு இருக்கு, அதைத் தளத்தில பூட்டுவம். மூண்டு மாதத்தில நூறு பேராவது பாக்காட்டி மூடிவிடுவம்." இவைதான் உமது வார்த்தைகள். நான் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டேனே தவிர, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் காற்றடிக்கவும் ஒட்டுப் போடவும்தான் வருகிறார்கள் என்பது உமக்குத் தெரியும். புதுச் சைக்கிள் விற்பதென்றால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை இணையத்தளத்தில் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும், நாங்கள் அதைத் தாய் தகப்பன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இணையத்தளம் போனால் அந்த வழியும் போகும். பிறகு அருந்ததி கடையைப் பூட்டிவிட்டு வவுனியாவில் யாரோ ஒருவருடைய கடையில் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான். அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடைப் பெயர்ப்பலகையைத் துடைக்கிற துடைப்பில் எனக்கு விளங்கிற்று.

எண்ணுவதற்கான குறியீட்டை நீர் மின்னஞ்சலில் அனுப்பியதும் நான் வவுனியாவுக்குப் போனேன். எங்கள் பக்கங்களைப் பராமரிக்கும் நவ்பர், புத்தளத்திலிருந்து திரும்பிவந்து கணினி நிலையம் நடத்துகிறவர், நல்ல மனிதர், மின்னஞ்சலைத் திறந்து காட்டினார். இருபத்து மூன்று வரிகள். "விடுங்கோ ஐயா, இப்பவே போட்டுவிடுறன், ரெண்டு நிமிச வேலை" என்றார். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இலிகிதராயிருந்தவன் நான். வாசித்துப் பார்க்காத தாள் ஒன்றையும் கோப்புக்குள் போகவிட்டதில்லை. "வீட்டை கொண்டுபோய் வடிவா வாசிச்சிட்டு வாற கிழமை தாறன், தம்பி" என்றேன். அச்செடுத்துத் தரும்படி கேட்டால், அச்சு இயந்திரத்தில் மை இல்லை. ஆகவே கதிரையை இழுத்துப் போட்டு இருபத்து மூன்று வரியையும், அதிலுள்ள வளைந்த அடைப்பு, நெளிந்த அடைப்பு, சாய்கோடு, அரைப்புள்ளி ஒன்றும் விடாமல், கையால் எழுதிக்கொண்டேன். ஒன்று எனக்கு, ஒன்று கோப்புக்கு என்று இரண்டு பிரதிகள். ஒன்றரை மணித்தியாலம் சென்றது. "ஐயா, அதை வாசிச்சு விளங்கின ஆள் இந்த வவுனியாவிலயே இல்லை. நான் மட்டும் விளங்கியே போடுறன் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று நவ்பர் சிரித்தார். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில், அந்தப் பக்கத்து இராணுவச் சாவடியில் எனது சட்டைப் பையைப் பார்த்தார்கள். இரண்டு தாள்களும் வெளியே வந்தன. சிப்பாய் அவற்றை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு தனது அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி இளம் பிள்ளை, தமிழ் தெரிந்தவர், மரியாதையானவர். எனக்குக் கதிரை தந்தார். என்னைப் போலப் பயந்த மனிதர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மருமகன். பயம் கூடக்கூட நாங்கள் சொல்லும் விபரமும் கூடும்.

"இது என்ன, ஐயா?"

"எண்ணுறதுக்கு, ஐயா."

"என்னத்தை எண்ணுறது?"

"வாறவையை."

"எங்க வாறவை?"

"மல்லாவிக்கு."

"எங்க இருந்து?"

"எல்லா நாட்டில இருந்தும், ஐயா. கனடா, நோர்வே, சுவிஸ். ஆர் எத்தினை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நிண்டது, என்ன பாத்தது, எதால வெளிக்கிட்டது, எல்லாத்தையும் இது காட்டும்."

"வாற ஆக்களுக்கு இது தெரியுமோ?"

"தெரியாது. அதுதான் இதின்ர விசேசம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. அதிகாரி பேனாவை எடுத்தார். "ஏன் ரெண்டு?" என்றார். "ஒண்டு கோப்புக்கு" என்றேன். "எந்தக் கோப்பு?" என்றார். அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. கடையின் பெயர், இருக்கும் சந்தி, வெளிநாட்டுப் பிள்ளை படத்தைப் பார்த்துத் தெரிவு செய்தால் நாங்கள் வன்னியில் எந்த ஊரானாலும் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவோம் என்பது, மணியும் ஸ்ராண்டும் இலவசம் என்பது, பெண்களுக்கான சைக்கிளுக்குக் கூடையும் உண்டு என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குச் சொன்னதை அடுத்து வந்த பெரியவருக்குச் சொன்னேன், அவர் கூப்பிட்ட இன்னொருவருக்குச் சொன்னேன், பிறகு மூவருக்கும் சேர்த்து ஒருமுறை சொன்னேன். பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடியபடியால் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் அசையாமல் நின்று கேட்டது. ஒன்றேகால் மணித்தியாலத்தின் பின் அதிகாரி ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, ஒரு பிளேன்ரீயும் தந்து, "போங்கோ ஐயா. இனி ஆராவது கேட்டா இவ்வளவும் சொல்லாதீங்கோ. சைக்கிள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். அவருக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

அவர் தந்த புத்திமதியை எங்கள் பக்கத்து, இயக்கத்தின் சாவடியில் அப்படியே கடைப்பிடித்தேன். அங்கிருந்த தம்பி, "அங்கால இவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீங்கள், ஐயா?" என்று கேட்டார்.

"சைக்கிள்" என்றேன்.

"சைக்கிளைப் பற்றி ஒண்டேகால் மணித்தியாலமோ?"

திரும்பவும் "சைக்கிள்" என்றேன். தம்பி எனது பையிலிருந்த மற்றப் பிரதியை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள சைக்கிள் எங்க இருக்கு? காட்டுங்கோ பாப்பம்" என்றார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. ஆகவே மறுபடியும் கனடா, நோர்வே, சுவிஸ், மணி, ஸ்ராண்ட், கூடை. அவர்களும் பிளேன்ரீ தந்தார்கள், கூடவே ஒரு துண்டு சர்க்கரை. அந்தப் பிரதியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தபோது எனக்கும் தாள் இல்லை, கோப்புக்கும் தாள் இல்லை. ஆனால் ஒரே நாளில் இரண்டு பக்கத்திலும் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்து அனுப்பினார்களே என்று நான் ஆறுதற்பட்டேன். இதை அருந்ததியிடம் சொன்னபோது, "உங்களை விட்டதே பெரிய காரியம், அப்பா" என்றாள்.

அடுத்த கிழமை வெறுங்கையோடு நவ்பரிடம் போய், தாள் இரண்டும் கைமாறிப் போய்விட்டன, வாசிக்கக் கிடைக்கவில்லை என்று தலைகுனிந்து நின்றேன். "அதுக்கென்ன ஐயா, அண்டைக்கு நீங்கள் படி இறங்க முன்னமே போட்டிட்டனே" என்றார் அவர்.

இனித் தொகைக்கு வருகிறேன். மூன்று மாத முடிவில் எண்ணும் கருவி காட்டிய தொகை அறுநூற்று நாற்பது. அதைப் பார்த்ததும் அருந்ததி கடைக்குள் நின்ற வாடிக்கையாளருக்கெல்லாம் காற்று இலவசமாக அடித்துக் கொடுத்தாள். நானும் மகிழ்ந்தேன், ஆனால் எனக்கு மகிழ்ச்சி வந்தால் சந்தேகமும் கூடவே வரும். வவுனியாவிலிருந்து மட்டும் ஏன் ஐந்நூற்று எழுபத்தொரு பேர் என்று நவ்பரிடம் கேட்டேன். அவர் பெருமையோடு சொன்னார்: "என்ர ஒன்பது கொம்பியூட்டரிலயும் உங்கட பக்கத்தைத்தான் முதல் பக்கமா வைச்சிருக்கிறன், ஐயா. காதலிக்கு மெயில் எழுத வாறவனும் உங்கட சைக்கிளைப் பாத்திட்டுத்தான் எழுத வேணும்." எங்கள் மேல் அவருக்கிருக்கும் அன்பு அவ்வளவு. அவருக்கு மனதார நன்றி சொன்னேன். பிறகு ஐந்நூற்று எழுபத்தொன்றைக் கழித்தேன். மீதி அறுபத்தொன்பது. அதில் முப்பத்தெட்டு, ரொறன்ரோவிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்திருக்கிறது. அது நீர்தான். வேலைக் களைப்பிலும் எங்களை மறக்காமல் பார்த்தீரே, அதற்கு நன்றி. ஆனால் கழித்தேன். இருபத்தாறு, இங்கு சந்தியிலுள்ள கணினியிலிருந்து, நான். யாராவது வந்தார்களா என்று ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் வந்தது நானே. மீதி ஐந்து.

ஐவரில் இருவர் கொழும்பிலிருந்து, சாவடியில் நான் பேசிய நாளுக்கு மறுநாளே வந்திருக்கிறார்கள். ஒருவர் நாற்பத்தேழு நிமிடம் நின்று, 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை மூன்று முறை திறந்திருக்கிறார். அவர் யாரென்று ஊகிக்க நான் விரும்பவில்லை. எங்கள் தளத்தை இவ்வளவு கவனமாக வாசித்தவர் வேறு ஒருவருமில்லை என்பதால் அவருக்கும் எனது நன்றி. இரண்டுபேர் ஜெர்மனியிலிருந்து. அதில் ஒருவர் ஏழு செக்கனில் வெளியேறிவிட்டார். ஏழு செக்கனில் என்ன குறை கண்டாரோ என்று மூன்று நாள் யோசித்தேன். ஐந்தாமவர் நோர்வேயிலிருந்து வந்து, பெண்களுக்கான சைக்கிளின் படத்தைப் பதினொரு நிமிடம் பார்த்திருந்தார். அடுத்த கிழமையே நோர்வேயிலிருந்து கஜனி என்ற பிள்ளை, வட்டக்கச்சியிலிருக்கும் தாய் தங்கம்மாவுக்கு அந்தச் சைக்கிள் வேண்டுமென்று எழுதியிருந்தது. நூறு இல்லாவிட்டாலும் ஒன்று பழுத்துவிட்டதே! இதை வைத்து உம்மிடம் வாதாடலாம் என்று நினைத்து, நானே சைக்கிளைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு வட்டக்கச்சிக்குப் போனேன்.

தங்கம்மா படலையைத் திறந்தா, சைக்கிளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா. "அண்ணை, உங்களை எனக்குத் தெரியும். அண்டைக்குச் சாவடியில உங்களுக்குப் பின்னால நிண்டனான். உங்களாலதான் என்ர பஸ் போனது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"மன்னிப்பென்ன மன்னிப்பு. நாலுதரம் கேட்டுக் கேட்டு எனக்கே பாடம். மகளுக்கு ரெலிபோனில அப்பிடியே ஒப்பிச்சன், உடன படத்தைப் பாத்து எடுத்துப்போட்டாள். மணி இலவசம் எண்டு சொன்னனீங்கள், எங்க மணி?"

மணியை அடித்துக் காட்டினேன். கூடையையும் தொட்டுப் பார்த்தா. பிறகுதான் மெதுவாகச் சொன்னா, "எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, அண்ணை. உருட்டிக்கொண்டு சந்தைக்குப் போகலாம்தானே?" போகலாம் என்றேன். மோர் தந்தா.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுவழியும் ஒரே கேள்விதான். இந்த விற்பனையை இணையத்தளத்தின் கணக்கில் எழுதுவதா, சாவடியின் கணக்கில் எழுதுவதா? பிள்ளை படத்தைப் பார்த்தது உண்மை. ஆனால் அதைப் பார்க்கச் சொல்லி அனுப்பியது ஜெனரேற்றரின் மேலாக நான் போட்ட சத்தம். ஆகவே, மருமகன், எனது மகளின் பிழைப்புக்கு எதிராக இதை எழுதுகிறேன் என்று அறிந்தே எழுதுகிறேன். நீர் கேட்டது நூறு. உள்ளது ஐந்து. அறுநூற்று நாற்பது என்று எழுதி அனுப்பியிருந்தால் உமக்குத் தெரியவராது. ஆனால் எனக்குத் தெரியும். இணையத்தளத்தை மூடுவதென்றால் மூடும். நாங்கள் உம்மைக் குறைசொல்ல மாட்டோம். ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் கடையை உலகம் முழுவதும் திறந்து வைத்திருந்தீர். அதுவே பெரிய உதவி. ஒரு மாதத் தவணை மட்டும் தந்தால், அருந்ததி அதற்குள் தனக்கொரு வழி பார்த்துக்கொள்வாள். கேட்கக் கூடாதென்றால் இந்த வரியை வெட்டிவிட்டு வாசிக்கவும்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நீர் எடுக்கும் காரியம் ஒவ்வொன்றும் பிழையில்லாமல் முடியவேண்டுமென்று, இந்த ஐந்து பேரையும் தந்த கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உமது அன்பு மாமா,
தில்லைநாதன்

பி.கு.: கடிதத்தை உறையில் இடுமுன் அருந்ததி வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். "அப்பா, மச்சான் போன மாதமே இணையத்தளத்தை இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பதிஞ்சிட்டார். நூறும் இல்லை, மூண்டு மாதமும் இல்லை. பென்சன் எடுத்த நாளில இருந்து நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். எண்ணுறதுக்கு ஏதாவது குடுப்பம் எண்டு நாங்கள் ரெண்டுபேரும்தான் கதைச்சு வைச்சனாங்கள்" என்றாள். நான் சற்று நேரம் கோபித்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று மாதமும் சுவரைப் பார்க்க நேரமிருக்கவில்லை என்பது பிறகு நினைவுக்கு வந்தது. ஆகையால் மேலே எழுதிய விண்ணப்பம் தேவையற்றதாகிவிட்டதென இத்தால் அறியத்தருகிறேன். பிரதி எடுத்துக் கோப்பில் இட்டுவிட்டபடியால் அனுப்பாமலிருக்க வழியில்லை. நன்றி என்ற சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளவும்.

இன்னொன்று. நவ்பர் நேற்றுப் பஸ்ஸில் ஒரு துண்டுக் கடிதம் அனுப்பியிருந்தார். ஆறாவது ஆள் வந்திருக்கிறார். கனடா, ஆனால் ரொறன்ரோ அல்ல, மொன்றியல். புதன்கிழமை, நாலு நிமிடம். நீர் அன்று அந்தப் பக்கம் ஏதும் போயிருந்தால் உடனே அறியத்தரவும், கழிக்க வேண்டும்.