செல்வமணியைக் குழியில் தள்ளிய இயந்திரம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கிறவருக்கு சான்றிதழ், மேசை, மாதச் சம்பளம் எல்லாம் கிடைக்கலாம். கூடவே இலவசமாக ஒன்று வரும்: பேச ஆள் இல்லாமல் போவது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு அப்போதிருந்த தலைக்கனத்துக்கு ஹட்டன் பஸ்ஸில் இரண்டு டிக்கட் எடுத்திருக்க வேண்டும் (எனக்கு ஒன்று, தலைக்கு ஒன்று).

கொழும்பில் கம்பியூட்டர் படித்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில், நோர்வூட்டுக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் ஆபீசுக்கே வேலைக்கு வந்தேன். மேலிடத்திலிருந்து பரீட்சார்த்தமாக ஒரு கம்பியூட்டரை அனுப்பியிருந்தார்கள். என்னையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். தோட்டத்து மேனேஜரான துரை தெளிவாகச் சொல்லிவிட்டார். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று மெஷின் பிழையில்லாமல் சொன்னால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மெஷின் வந்த லொறியிலேயே திரும்பிப் போகும், நானும் வீட்டுக்குப் போகலாம்.

வீடு என்றால், ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே வரிசை வீடுகளாகத் தெரிகிற தொழிலாளர் லயம்தான். அம்மா அடுப்பு பற்ற வைத்தால் புகை எனக்குத் தெரியும். ஆனால் பெரிய கிளாக்கர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆபீஸ் ஆள் லயத்துல போய் உக்காந்து பழகக் கூடாது, மகள். அப்புறம் மரியாதை இருக்காது." ஆகவே ஸ்டாப் குவாட்டர்சின் பின்னால் ஓர் அறையில் மரியாதையோடு தனியாக இருந்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் வீட்டு அம்மாமார் "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

லயத்து ஆட்களும் மாறிப்போயிருந்தார்கள். என்னைக் கண்டால் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். செல்வமணியும் நானும் ஒரே சிலேட்டில் எழுதியவர்கள். அவள் ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனாள். இப்போது கைக்குழந்தைக்காரி. வழியில் பார்த்தால், கூடையைத் தலையிலிருந்து நகர்த்திக்கொண்டு, "நல்லா இருக்கீங்களாங்க?" என்பாள். நானும் "ம், இருக்கேன்" என்று துரைசாணி மாதிரி தலையாட்டிவிட்டு வந்து, அறையில் தனியாக உட்கார்ந்து சோறு தின்பேன்.

மிச்சமிருந்தது மெஷின் ஒன்றுதான்.

ஆக் என்றொரு குட்டிக் கம்பியூட்டர் மொழி அப்போது என்னிடம் இருந்தது. எழுதியதை அப்படியே வரி வரியாக ஓட்டிக் காட்டிவிடும். அதில் ஒரு நிலைமாறி இயந்திரம் எழுதினேன். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். காகிதத்தில் சில வட்டங்கள், வட்டங்களுக்கு நடுவே அம்புகள், அவ்வளவுதான். முதல் வட்டம் லயத்தில் ஆள் குடியிருக்கிற காம்பரா, அடுத்தது வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டு, அடுத்தது கொழுந்து பறிக்கிற மலை, கடைசி வட்டம் கொழுந்து நிறுக்கிற மடுவம். ஆள் ஓர் இடத்துக்குப் போனால் ஓர் எழுத்து. இயந்திரம் அந்த எழுத்துகளை வாசித்து வாசித்து வட்டம் மாறும். எழுத்து தீரும்போது மடுவத்தில் நின்றால் 'வேலைக்கு வந்தார்'. இடையில் அம்பு இல்லாத எழுத்து வந்தாலோ 'குழி' என்று நான் பெயர் வைத்த வட்டத்தில் விழும். அங்கிருந்து வெளியேற அம்பே கிடையாது. பிறகு எந்த எழுத்து வந்தாலும் 'வேலைக்கு வரவில்லை' என்பதுதான் பதில்.

அதற்கு ஞாபகமும் கிடையாது. எப்படி வந்தோம் என்று தெரியாது. இப்போது எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் தெரியும். யார் வீட்டுப் பிள்ளை, எந்த லயம் என்றெல்லாம் கேட்காது. எனக்கு அதைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் கற்பனையில் ஒரு தொழிலாளியை உண்டாக்கி அதற்குள் அனுப்புவேன். அவள் காம்பராவில் கிளம்பி, பெரட்டுக்குப் போய், மலை ஏறி, மடுவத்துக்கு வந்து சேர்வாள். வழியில் யாரோடும் நிற்க மாட்டாள். எங்கும் திரும்ப மாட்டாள். ஒரு தடவைகூட அவள் குழியில் விழவில்லை. நான் என்னையே மெச்சிக்கொண்டேன் (வேறு யாரும் பக்கத்தில் இல்லை).

பரீட்சை நாள் வந்தது. மத்தியான நிறுவைக்குப் பெண்கள் வந்த நேரம். ஆபீசும் மடுவமும் அடுத்தடுத்து என்பதால் கூடையோடு ஜன்னலில் கூடிவிட்டார்கள். உள்ளே துரை, பெரிய கிளாக்கர், மலையில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளை காலையிலிருந்து யார் எங்கே போனார்கள் என்று ஒன்று விடாமல் எழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் அதைத் தட்டி, திரையில் வந்த ஆங்கிலத்தைத் தமிழில் உரக்கச் சொன்னேன்.

முதலில் அம்மாவின் பெயர். "பொன்னம்மா, வேலைக்கு வந்தார்!"

"அடியே, பொன்னம்மாக்கா வேலைக்கு வந்துருக்காங்களாம்!"

"பக்கத்துலயே நிக்கிறாங்க, நமக்குத் தெரியல பாரேன்!"

துரைகூடச் சிரித்தார். அடுத்த பெயர். "செல்வமணி, வேலைக்கு வரவில்லை."

செல்வமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அப்ப இந்தக் கூடையில கெடக்குறது என்னாங்க? பேய் பறிச்ச கொழுந்தா?"

துரைக்குத் தெரிந்த தமிழ் போதுமானதாக இருந்தது. "இந்தப் பொம்பள இங்கதானே நிக்குது?"

"நிக்கிறாங்க, சேர். ஆனா வரலைங்க" என்றேன்.

இது நான் சொன்னதுதான். படித்தவள்.

அடுத்து ராசாத்தி, வரவில்லை. மேரி, வரவில்லை. இரண்டு பேரும் ஜன்னலில்தான் நின்றார்கள். பெரிய கிளாக்கர் தொண்டையைச் செருமினார். "மெஷின் பொய் சொல்லாதுங்க, ஐயா" என்று அதற்கும் ஒரு பதில் வைத்தேன்.

கணக்கப்பிள்ளைதான் மெதுவாகச் சொன்னார். "இவளுக எல்லாம் பச்சப்புள்ளக்காரிக, பாப்பா. நடுவுல பிள்ளைக்காம்பராவுக்குப் போயி பால் குடுத்துட்டு மலைக்குத் திரும்புனாளுக. அதுக்கும் ஒரு எழுத்துப் போட்டுருக்கேன்ல?"

பிள்ளைக்காம்பரா. தாய்மார் மலையில் நிற்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். எந்தத் தோட்டத்திலும் உண்டு. நானே அங்கே கிடந்து, அம்மா எப்போது வருவாள் என்று அழுது வளர்ந்தவள். என் படத்தில் அதற்கு ஒரு வட்டம் இல்லை. நான் கற்பனை செய்த தொழிலாளிக்கு என்னைப் போலவே எதிர்பார்த்துக் காத்திருக்க யாரும் இல்லை. அதனால்தான் அவள் எங்கும் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் வாயை மூடியிருந்தால் வேலை தப்பியிருக்கும். ஒரு வட்டமும் இரண்டு அம்பும் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "செல்வமணி மடுவத்துக்கு வந்துட்டா, சரி. ஆனா மெஷினுக்குள்ள அவ குழியில கெடக்கா. இனி என்ன செஞ்சாலும் வெளிய வர முடியாது."

ஜன்னலில் நின்ற செல்வமணி வெடித்தாள்.

"அடிப்பாவி! புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்தவள உசுரோட குழியில எறக்கிட்டியேடி! இதுக்குத்தான் கொழும்புக்குப் போனியா?"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "என் மக வாயில வந்த சொல்லு ஒன்னையத் தொடக் கூடாது, தாயி" என்று குனிந்து, காலடி மண்ணை ஒரு கை அள்ளினாள். செல்வமணியின் தலையைச் சுற்றினாள், துப்பினாள். கெட்டது எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே மண்ணைத் திருப்பி எறிய வேண்டும் என்பது அம்மாவின் முறை. எறிந்தாள்.

என் வாய்க்குள் கொஞ்சம் போனது. மிச்சமெல்லாம் மெஷினுக்குள் போனது. திரையில் எழுத்துகள் சுருங்கி, ஒரு புள்ளியாகி, அணைந்தன. துரை சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "லொறிக்குச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை எனக்கு மரியாதையைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பெட்டியோடு லயத்துக்கு இறங்கினேன். வழி நெடுகத் திட்டு. செல்வமணி வாசலில் நின்று, நான் அவள் காம்பராவைத் தாண்டுமுன் குழந்தையைத் தூக்கி என் கையில் திணித்தாள். "பிடிடி. மாவு பெசையணும். இவனையாவது கீழ போட்டுறாத." இத்தனை மாதத்தில் என்னிடம் ஒருவர் முதன்முதலாகக் கொடுத்த வேலை அது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் ரொட்டி சுட்டு முடிக்கும்வரை குழந்தையை வைத்திருந்தேன். அவள் திட்டி முடிக்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன். சில வருடங்களில் அந்தக் குழந்தை என் வகுப்புக்கே வந்து சேர்ந்தான். வேலைக்கு வராதவளிடம் பால் குடித்தவன் என்று லயம் முழுக்க அவனுக்குப் பெயர். காலையில் நான் அவன் பெயரைக் கூப்பிட்டால், அவன் முன் வரிசை வாங்கில் பல் தெரிய எழுந்து நிற்பான். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தும்:

"வரல்ல, டீச்சர்!"