கழற்ற வேண்டிய பெல்ட்

"பெல்ட்டு எங்க இருக்குன்னே தெரியல சார்," என்றார் வெல்டர், மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டே.

"இடுப்புலதான். வேற எங்க இருக்கும்?" என்றார் பயிற்சியாளர்.

நடுக்கடல் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஆட்களைக் கொண்டுபோகும் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து கவிழ்ந்தால் தப்பிப்பது எப்படி என்று பழக்கும் தொட்டி அது. ஆட்களை இரும்புக் கூண்டுக்குள் இருக்கையோடு கட்டி, தண்ணீரில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். முன்பெல்லாம் தொட்டிக்குள் காவலுக்கு இருக்கும் முக்குளிப்பவரே பெல்ட்டை அவிழ்த்துவிடுவார். இப்போது தலைமை அலுவலக அதிகாரி விதியை இறுக்கிவிட்டார். அவரவர் பெல்ட்டை அவரவரே கழற்றி, ஜன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும். அடுத்தவர் கை பட்டால் தோல்வி. வெல்டருக்கு இன்னும் இரண்டே வாய்ப்பு. விட்டால் கடல் வேலை போச்சு. கரையில் யார் வீட்டு கேட்டுக்காவது பற்றவைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"வீட்டுலயே பழகிட்டாப் போச்சு," என்றாள் மனைவி.

நாற்காலியில் உட்காரவைத்தாள். கட்ட வேறொன்றும் கிடைக்காமல் அவருடைய பேண்ட் பெல்ட்டையே சுற்றி இறுக்கினாள். அவள் தம்பி நாற்காலியோடு ஆளைப் புரட்டினான்.

"அக்கா, மாமா மறுபடியும் செத்துட்டாரு."

"தூக்கி நிறுத்துடா. இன்னொரு தடவை."

தலை வீங்கியது. ஆனால் கை பழகிவிட்டது.

அடுத்த முறை தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கியபோதும் பட்டென்று கழன்றது. பேண்ட் பெல்ட். முக்குளிப்பவர் ஆளை முதலிலும் பேண்டைப் பிறகும் மேலே கொண்டுவந்தார்.

"எந்தப் பெல்ட்டுன்னு கூடவா தெரியாது?" என்றார் பயிற்சியாளர்.

"தலைகீழா தொங்குறப்ப எல்லாம் ஒண்ணுதான் சார்."

மனைவி கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நெஜமாவே விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் போய் நாற்காலியை எடுத்து வந்தார். கொடிக்கயிற்றால் கட்டிப் பழகினார்கள். முடிச்சு இறுகியதில் நாற்காலியும் அவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். கடைசியில் பெல்ட்டைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, எலாஸ்டிக் வைத்த பேண்டைக் கொடுத்து அனுப்பினாள்.

கடைசி வாய்ப்பைப் பார்க்க அதிகாரியே வந்திருந்தார். "இதுல என்னய்யா கஷ்டம்? நான் பண்ணிக் காட்டுறேன் பாரு," என்று ஆபீஸ் உடுப்போடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

கூண்டு இறங்கியது. புரண்டது. ஒரே இருட்டு. வெல்டரின் கை பழக்கதோஷத்தில் இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் தடவித் தடவி ஒரு பக்கிளைப் பிடித்துத் திருகியது. கழன்றது. ஆனால் அவர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு வெடிக்கும் நேரத்தில் இன்னொரு பக்கிள் அகப்பட்டது. அதையும் திருகி, ஜன்னலை முட்டித் தள்ளி மேலே வந்தார்.

அதிகாரியும் பக்கத்தில் வந்து இருமினார்.

மறைக்க மனசு வரவில்லை. "சார், முதல்ல உங்க சீட் பெல்ட்டைக் கழட்டிட்டேன் போலிருக்கு. கை பட்டா தோல்விதானே?"

"பாஸ்," என்றார் அதிகாரி. "விதியைக் கொஞ்சம் மாத்தணும். நீ மேல ஏறிப் போ."

"நீங்க வரலையா சார்?"

"வரேன். நீ போ." கழுத்தளவு தண்ணீரில் அப்படியே நின்றார்.

முக்குளிப்பவர் மேலே வந்து ஒரு தோல் பெல்ட்டை நீட்டினார். "அண்ணே, திரும்பவுமா?"

"நான் இன்னைக்கு பெல்ட்டே போடலியேப்பா."

முக்குளிப்பவர் தண்ணீருக்குள் இருந்த இன்னொரு கையையும் உயர்த்தினார்.

"அப்ப இந்தப் பேண்டும் உங்களுது இல்லையாண்ணே?"